சோழனைத் தேடினோம், தாத்தாவை மறந்தோம்: ஜொகூர் ஆற்றில் ஒரு படகுப் பயணம்

1603ஆம் ஆண்டு பிப்ரவரி 25. சீனக் கரையின் மக்காவ் நகரிலிருந்து மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சாந்தா காத்தரீனா’ என்ற போர்த்துகீசியக் கப்பல் ஜொகூர் ஆற்றின் வாய்க்கு அருகே நின்றிருந்தது. சீனப் பட்டு, பீங்கான், கஸ்தூரி என்று வயிறு முட்டச் சரக்கு. டச்சுக் கப்பல்தலைவன் யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க், ஜொகூர் அரசரின் தம்பி தந்த துணையோடு அதை வளைத்துப் பிடித்தான். ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் அந்தச் சரக்கு 30 லட்சம் கில்டருக்கு மேல் போனது. இது கொள்ளையா, போரில் கிடைத்த பொருளா என்ற வழக்கில் டச்சுத் தரப்புக்காக வாதம் எழுதிக்கொடுத்த இளம் வழக்கறிஞர் ஹியூகோ குரோஷியஸ், அந்த வாதத்தின் ஒரு பகுதியை 1609இல் தனி நூலாக வெளியிட்டார். ‘கடல் எவருக்கும் சொந்தமல்ல’ என்று உலக நாடுகள் இன்று பேசும் சட்டத்துக்கு அந்த நூல்தான் தொடக்கப் புள்ளி.

பாசிர் கூடாங்கில் வேலை பார்க்கும் நம் தமிழர்கள் அந்த நீர்ப்பரப்பை அன்றாடம் கடக்கிறார்கள். செம்பனை எண்ணெய்த் தொட்டிகள், புகைபோக்கிகள், கண்டெய்னர் லாரிகளின் வரிசை ஆகியவற்றுக்கு அப்பால் தெரிகிற பழுப்பு நிற நீர்தான் அது. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் அவசரத்தில் ஆற்றைப் பார்க்க யாருக்கு நேரம்?

நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரை.

ஜொகூர் ஆறு சுமார் 120 கிலோமீட்டர் நீளம். குனோங் கெமுரு மலையில் பிறந்து, கோத்தா திங்கி நகரைத் தொட்டு, பாசிர் கூடாங்குக்குக் கிழக்கே ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. முழு ஆற்றையும் ஒரே டிக்கெட்டில் சுற்றிக் காட்டும் சொகுசுக் கப்பல் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோங் கோங்கில் மீன்பிடிக்காரர்களின் படகை வாடகைக்குப் பேசி கீழாற்றைப் பார்க்கலாம். ஜொகூர் லாமாவுக்குக் காரில் போய்க் கரையிலிருந்து பார்க்கலாம். இரவில் கோத்தா திங்கியில் மின்மினிப் படகு ஏறலாம். துண்டு துண்டான பயணம்தான். இந்த ஆற்றின் வரலாறும் அப்படித்தான் கிடைக்கிறது.

கழிமுகத்தில் முதலில் யார்?

முன்னோடிகள் என்றாலே காட்டை வெட்டித் திருத்தியவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கும் முன்னால் இங்கே ஒராங் செலேத்தார் மக்கள் இருந்தார்கள். படகே வீடு, அலையாத்திக் காடே சமையற்கட்டு என்று வாழ்ந்த கடலோடிகள். நீரிணையின் இரு கரைகளும் அவர்களுக்கு ஒன்றுதான். சிங்கப்பூர்க் கரை, மலேசியக் கரை என்று பிரித்தது பின்னால் வந்தவர்கள். கோலா மாசாய் போன்ற இடங்களில் அவர்களுடைய கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. சிப்பி எடுக்கிறார்கள், நண்டு பிடிக்கிறார்கள். அடுக்குமாடிகளும் ஆலைகளும் நெருங்க நெருங்க அவர்களின் கரை சுருங்கிக்கொண்டே வருகிறது.

இந்தப் பகுதியின் சிற்றாறுகளில் ஒன்றுக்கு உலகப் பெயரே கிடைத்தது, ஆனால் கெட்ட பெயர். கிம் கிம் ஆறு. 2019 மார்ச் முதல் வாரத்தில் அதில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். சில நாட்களில் பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். படகுப் பயணம் என்ற தலைப்பின் கீழ் இதை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் என்பது இந்த ஊருக்கு நினைவு வந்ததே அந்த மார்ச் மாதத்தில்தான்.

கோங் கோங்கிலிருந்து படகு கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது செனாய்–டெசாரு நெடுஞ்சாலைப் பாலம். 2011இல் திறக்கப்பட்டது. ஒரே வரிசைக் கம்பிவடங்களில் தொங்கும் அதன் நடுப்பகுதி மட்டும் 500 மீட்டர். அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அதன் பிரம்மாண்டம் புரியும். மேலே காரில் போகிறவர்களுக்கு டோல் கட்டணம்தான் புரியும். பாலத்தைத் தாண்டினால் இரைச்சல் அடங்கிவிடுகிறது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள், அவற்றுக்குப் பின்னால் செம்பனை. ஆற்று இறால் பிடிக்கத் தூண்டிலோடு நிற்கும் சிறு படகுகள். முதலையும் உண்டு, கையை நீரில் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

மண்மேடாகிவிட்ட தலைநகரம்

மேற்கொண்டு போனால் கிழக்குக் கரையில் ஜொகூர் லாமா. பழைய ஜொகூர். இன்று ஒரு கம்போங், ஓர் அருங்காட்சியகம், புல் மூடிய மண்ணரண்கள். 16ஆம் நூற்றாண்டில் மலாய் உலகத்தின் பெரிய வணிக நகரங்களில் ஒன்று.

1511இல் மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்தபின் அதன் அரச குடும்பம் தெற்கே நகர்ந்தது. சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா இந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எளிது. கடலுக்குப் பக்கம், ஆனால் கடலிலிருந்து தெரியாது; எதிரி வந்தால் மேலாற்றுக்குப் போய்விடலாம். எதிரி வந்தான். 1535இல் பெக்கான் துவாவில் இருந்த முதல் தலைநகரை எரித்தவன் எஸ்தவான் ட காமா. கள்ளிக்கோட்டைக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் மகன். நம் மலபார்க் கரையில் அப்பன் செய்ததை மகன் இங்கே செய்தான். சுல்தான் மேலாற்றில் சாயோங்குக்குத் தப்பினார். பிறகு 1540 வாக்கில் ஜொகூர் லாமாவில் கோட்டை எழுப்பினார். 1564இல் சுமத்ராவின் அச்சே படை வந்து அவரையே சிறைபிடித்துக்கொண்டு போனது. ஊர் மறுபடி எழுந்தது. 1587இல் தோம் பாவ்லோ ட லீமா பெரைராவின் போர்த்துகீசியப் படை கோட்டையை உடைத்து நகரை எரித்தது. அதன்பின் அரசு பத்து சாவாருக்கு நகர்ந்தது. 1613இல் அதையும் அச்சே எரித்தது.

எத்தனை முறை எரிந்தாலும் அடுத்த வளைவில் இன்னொரு தலைநகர். ஜொகூர் சுல்தானகத்தை ஓர் ஊராகத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். இந்த ஆறுதான் அதன் தலைநகர் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகிறது. 1950களில் ஜொகூர் லாமாவைத் தோண்டிய ஆய்வாளர்களுக்கு மிங் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கோட்டை மேட்டில் நின்று பார்த்தால் ஆறு இருபுறமும் வெகுதூரம் தெரிகிறது. பீரங்கியை எங்கே வைத்திருப்பார்கள் என்று சொல்ல வரலாற்றுப் பட்டம் தேவையில்லை.

ராஜா சூரானும் ராஜேந்திரனும்

இந்த ஆற்றங்கரையில்தான் மலாய் மொழியின் தலைசிறந்த நூலும் உருவானது. ‘செஜாரா மெலாயு’வின் முன்னுரை தரும் ஆண்டு 1612, இடம், பத்து சாவாரை அடுத்த பாசிர் ராஜா. தொகுத்தவர் பெண்டகாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் ஸ்ரீ லானாங். அடுத்த ஆண்டே அச்சே படை அவரையும் சுல்தானோடு சிறைபிடித்தது. மலாக்காவின் பெண்டகாரா வம்சத்தில் வந்தவர் அவர். அந்த வம்சத்தில் கெலிங் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த மணி புரிந்தன் என்ற முஸ்லிம் பிரமுகரின் ரத்தமும் கலந்திருப்பதை அதே நூல் சொல்கிறது. கெலிங் என்று மலாய்க்காரர்கள் அந்நாளில் சொன்னது பெரும்பாலும் நம்மைத்தான்.

நூலில் வரும் கதைதான் தமிழர்களுக்குத் தித்திப்பு. கெலிங் நாட்டு மன்னன் ராஜா சூரான் உலகை வெல்லக் கிளம்புகிறான். ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கட்டி ஆண்ட ராஜா சூலினைக் கொன்று, அவன் மகளை மணக்கிறான். அடுத்து சீனா. பயந்துபோன சீன அரசன், துருப்பிடித்த ஊசிகளையும் பல் போன கிழவர்களையும் காய்க்கும் மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி, ராஜா சூரான் வந்து சேர்ந்திருந்த தெமாசெக்குக்கு, அதாவது இன்றைய சிங்கப்பூருக்கு, அனுப்புகிறான். “கிளம்பும்போது நாங்கள் பையன்கள், இந்த ஊசிகள் கைப் பருமனுள்ள இரும்புக் கம்பிகள், மரங்கள் விதைகள்” என்கிறார்கள் கிழவர்கள். சீனா அவ்வளவு தூரமா என்று ராஜா சூரான் திரும்பிவிடுகிறான். கடாரம் கொண்ட படையைப் பல்லில்லாத கிழவர்கள் திருப்பி அனுப்பிய இந்தக் கதையை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏனோ முழுதாகச் சொல்வதில்லை.

1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது வரலாறு. தஞ்சைக் கல்வெட்டு கடாரம், மலையூர், இலங்காசோகம் என்று வரிசையாகப் பெயர் சொல்கிறது. ராஜா சூரான் கதையில் அதன் எதிரொலி இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எதிரொலி வேறு, சான்று வேறு. 2005 தொடக்கத்தில் ரைமி சே ரோஸ் என்ற ஆய்வாளர், ஜொகூர்க் காட்டுக்குள் கோத்தா கெலாங்கி என்ற தொலைந்த நகரம் இருக்கக்கூடும் என்று பழைய ஏடுகள், வரைபடங்கள், வான்படங்களைக் கொண்டு வாதிட்டபோது நாடே பரபரத்தது. தமிழ்ப் பத்திரிகைகள் சோழர் படையெடுப்பைத் தலைப்பாக்கின. 2006இல் அரசுத் தரப்பு, அப்படி ஒரு நகரத்துக்கான தடயம் கிடைக்கவில்லை என்றது. ஆனால் வாட்ஸ்அப்பில் மட்டும் சோழன் கட்டிய கோட்டை இன்னும் ஜொகூர்க் காட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

சோழன் வந்தால் பெருமைதான், மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய படையெடுப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்த நமக்கு, நூறு ஆண்டுக்கு முன் இதே கரையில் காட்டை வெட்டிய நம் ஆட்களைப் பற்றி என்ன தெரியும்?

ஆற்றுக்குப் பட்டா

அதற்குமுன் சீனர் கதையைப் பார்த்துவிட வேண்டும். ஒப்பிட்டால்தான் நம் கதை விளங்கும். முதலில், அவர்கள் வருவதற்கு முன் இந்தக் கரை எப்படிக் காலியானது என்று பார்ப்போம்.

1699இல் சுல்தான் மஹ்மூத், தொழுகைக்குத் தூக்கிச் செல்லப்பட்டபோது கோத்தா திங்கியில் குத்திக் கொல்லப்பட்டார். ஒரு பலாச்சுளைக்காகக் கர்ப்பிணி மனைவியைப் பறிகொடுத்த தளபதி மெகாட் ஸ்ரீ ராமா பழி தீர்த்தான் என்கிறது வழக்கு. கம்போங் மாக்காமில் சுல்தானின் கல்லறை இருக்கிறது. அவரோடு அந்த அரச மரபு அறுந்து, அரசு விரைவில் ரியாவுக்கு நகர, ஆற்றங்கரை மறுபடி காடானது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்த தியோச்சூ சீனர்கள். பயிர் கம்பீர், கூடவே மிளகு. கம்பீர் இலையைப் பெரிய இரும்புச் சட்டிகளில் காய்ச்சி எடுக்கும் பழுப்புக் கட்டி ஐரோப்பாவில் தோல் பதனிட உதவியது. வெற்றிலை போடுகிறவர்களுக்கும் தெரியும், காசுக்கட்டிக்கு ஒன்றுவிட்ட உறவு. காய்ச்சி முடித்த இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாகப் போட்டார்கள். அடுப்புக்கு விறகு மலைமலையாக வேண்டும். காடு தீர்ந்து மண் களைத்துப் போனால் அடுத்த ஆற்றுக்கு நகர்வார்கள். சிங்கப்பூர் மண் களைத்தபோதுதான் ஜொகூர் கண்ணில் பட்டது.

ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் புத்திசாலி. ஆளில்லாத காட்டை வைத்துக்கொண்டு வரி வாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். 1844 முதல் ‘சூராட் சுங்கை’ எனப்படும் ஆற்றுப் பத்திரங்களைக் கொடுக்கத் தொடங்கினார். இன்ன ஆற்றின் கரை இன்னாருக்கு என்று எழுதிய காகிதம். வாங்கியவர் காங்ச்சூ, ஆற்றுத் தலைவர். அவர் படகுத்துறை கட்டி உண்டாக்கிய குடியிருப்பு காங்கார். தெப்ராவ் ஆற்றில் தான் கீ சூன் என்பவர் திறந்தது அப்படிப்பட்ட முன்னோடிக் குடியிருப்புகளில் ஒன்று. காங்கார் தெப்ராவ், காங்கார் பூலாய் என்ற பெயர்களும் சிங்கப்பூரின் சுவா சூ காங், லிம் சூ காங் பெயர்களும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். எம்ஆர்டி ரயிலில் ‘சுவா சூ காங்’ என்று அறிவிப்பு வரும்போது உங்கள் காதில் விழுவது ஓர் ஆற்றுத் தலைவரின் முகவரி.

காங்ச்சூக்குக் கிடைத்தது நிலம் மட்டுமல்ல. அபினி, சாராயம், சூதாட்டம், அடகுக்கடை, பன்றி இறைச்சி விற்பனை எல்லாம் அவர் கையில். கூலி வாங்கும் தொழிலாளி அதைத் திரும்ப அவரிடமே கட்டிவிட்டுப் போவான். புலிக்கும் காய்ச்சலுக்கும் செத்தவர்கள் எத்தனையோ. முன்னோடிகள் என்று விளக்கப் பலகைகள் போற்றும் காலத்தின் அடியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. 1917இல் காங்ச்சூ முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு நாம் வந்தோம்.

பலகை இல்லாத கரை

காங்ச்சூவையும் நம் கங்காணியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவருமே ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தவர்கள். இருவருமே அந்த ஆட்களின் கூலியில் வாழ்ந்தவர்கள். ஆனால் காங்ச்சூ கையில் அரசர் கொடுத்த பத்திரம் இருந்தது, அவர் பெயரில் ஆறு இருந்தது. கங்காணி எவ்வளவு மீசை முறுக்கினாலும் தோட்டத் துரையின் சம்பளக்காரர். நிலம் கம்பெனிக்கு, லயம் கம்பெனிக்கு, கித்தா மரம் கம்பெனிக்கு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்தவர்களுக்கு இந்தக் கரையில் எழுதிக்கொடுத்த காகிதம் என்று எதுவும் இல்லை. வரைபடத்தில் பெயர் விழாமல் போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு மங்கும் வாளியும் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் உபின் தீவில் போக்குக் காட்டி இறங்கி, சிங்கப்பூர் மேல் பாய்ந்தார்கள். அதன்பின் தோட்டப்புறத்திலிருந்து ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. போருக்குப் பிறகு தோட்டத் துண்டாடல், சிவப்பு அடையாள அட்டை, ரப்பரை வெட்டிச் செம்பனை. 1970களில் பாசிர் கூடாங்கில் தொழிற்பேட்டை எழுந்தது, 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ஆலைகளில் ஷிப்ட் வேலைக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் பாசிர் கூடாங் மாநகரமும் ஆனது.

இவ்வளவு நடந்தும் படகிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சுல்தான்களுக்குக் கோட்டையும் கல்லறையும் இருக்கின்றன. சீனர்களுக்கு ஊர்ப்பெயர்களும், ஜொகூர் பாருவில் 1870களிலிருந்து நிற்கும் பழைய சீனக் கோயிலும் இருக்கின்றன. நமக்கு மிச்சம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில்தான். ஜொகூர் லாமாவுக்குப் பக்கத்தில் தெலுக் செங்காட் தோட்டம். அந்தப் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி. பாசாக் தோட்டம், ரெம் தோட்டம், சுங்கை பாப்பான் தோட்டம், இவை ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு தமிழ்ப்பள்ளி. லயங்கள் போய்விட்டன, பள்ளியின் பெயர்ப் பலகைதான் இங்கே தமிழர் வாழ்ந்த வரைபடம். அதனால்தான் பிள்ளைகள் குறைந்த ஒரு தோட்டப் பள்ளியை இடம் மாற்றும்போது பழைய பெயரை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இரவுப் படகு

கோத்தா திங்கியில் மின்மினிப் படகு இருட்டியபின் கிளம்பும். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கரையோரம் பெரெம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் பெண்ணைக் கூப்பிட விட்டு விட்டு ஒளிர்கின்றன. ஒரு மரம் முழுக்க ஒரே தாளத்தில் மின்னுவதும் உண்டு. பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் தாளம் கெட்டுவிடும், படமும் வராது. மேலாற்றில் வெள்ளம் வந்தால், கரை மரங்களை வெட்டினால், பூச்சிமருந்து கலந்தால் இந்த ஒளி குறையும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இதே ஆறு கோத்தா திங்கியை மூழ்கடித்தது. இதே ஆற்றிலிருந்து 1962 ஒப்பந்தப்படி தினமும் 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்கிறது, 2061 வரை. அண்டை நாட்டின் குழாயில் வருவதும் ராஜா சூரான் கதையில் வருவதும் ஒரே நீர்.

படகோட்டிகள் வழியில் மெகாட் ஸ்ரீ ராமா கதை சொல்வார்கள், ஜொகூர் லாமா பற்றிச் சொல்வார்கள். தோட்டம் பற்றிக் கேட்டால் “டுலு லாடாங்” என்று கரையைக் காட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். முன்பு தோட்டமாக இருந்தது, அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் எழுதி வைத்திருந்தால்தானே அவர்கள் சொல்வதற்கு?

எழுதி வைக்க இன்னும் வழி இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழாக் கணக்கு நோட்டுகள், கிராணியார் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் செக்ரோல் தாள்கள், பெரட்டுக் களத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இவை போதும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தேதியோடு எழுதி, ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதியை உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிக்கும் கொடுங்கள். ஜொகூர் லாமா அருங்காட்சியகத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு சுவர் கேட்பதற்கு அதன்பிறகுதான் நம் கையில் ஏதாவது இருக்கும். மாசாயிலும் கோத்தா திங்கியிலும் லயத்தில் பிறந்த எண்பது வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கோங் கோங்கில் படகு ஏறுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை முன்பே போட்டுவிடுங்கள்.